லால்பாக் பார்த்தீர்களா?

"பெங்களூர் போயிட்டு வந்தீங்களாமே! ஆகஸ்ட் மாசமாச்சே, லால்பாக்ல பூக்கண்காட்சி பாத்தீங்களா?"

2023 ஆகஸ்ட் கடைசியில், சேலத்தில் எங்கள் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கியதும் எதிர் வீட்டம்மா என்னைக் கேட்ட முதல் கேள்வி இது.

"பாக்காம வருவோமா? கண்கொள்ளாக் காட்சிங்க!" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

சகோதரிகளே, உங்களிடமாவது உண்மையைச் சொல்லி விடுகிறேன். இருபத்தாறு நாள் பெங்களூரில் இருந்தேன். லால்பாகிலிருந்து ஆட்டோவில் போனால் கொஞ்ச நேரம்தான். ஆனாலும் ஒரு பூவைக்கூட நான் பார்க்கவில்லை. நான் இருந்த இடம் ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ். அது பெரிய மனநல ஆஸ்பத்திரி. அங்கே என் தங்கைக்கும் அவளுடைய பதினைந்து நாள் குழந்தைக்கும் துணையாக இருந்தேன்.

ஊர் சுற்றிப் பார்த்த கதையை எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். நான் பார்த்த இடத்தைப் பற்றி யாரும் எழுதக் காணோம். போய் வந்தவர்கள் வாயே திறப்பதில்லை. நான் திறக்காத மாதிரிதான். "எழுதுக்கா. என் பேரை மட்டும் போடாதே" என்று தங்கையே சொன்ன பிறகு எழுத உட்கார்ந்தேன்.

ஆடி மாதத்துப் பிரசவம்

எனக்கும் என் தங்கைக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அம்மா தவறிப் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக் கொண்டிருந்தாள். அவளுக்குத் தலை பின்னி விட்டதிலிருந்து கல்யாணம் செய்து கொடுத்தது வரைக்கும் எல்லாம் நான்தான். அதனால் தலைப் பிரசவமும் என் வீட்டில்தான். ஜூலை 20ஆம் தேதி சுகப்பிரசவம். பெண் குழந்தை, மூக்கும் முழியுமாக இருந்தது.

நான்காம் நாள் ஆரம்பித்தது. அவள் தூங்கவில்லை. பிள்ளை பெற்றவள் தூங்காமல் இருப்பது அதிசயமா என்று நானும் இருந்து விட்டேன். ஆனால் குழந்தை அயர்ந்து தூங்கும்போதும் இவள் கண்ணை மூடவில்லை. படபடவென்று பேசினாள். நடுராத்திரியில் பீரோவிலிருந்த புடவைகளையெல்லாம் எடுத்துப் போட்டு மடித்தாள். ஆறாம் நாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்:

"அக்கா, இது என் குழந்தை இல்லக்கா. ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க. என் குழந்தை எங்கியோ அழுவுது, எனக்குக் காதுல கேக்குது."

குழந்தையோ அவள் மடியிலேயே தூங்கிக் கொண்டிருந்தது!

ஆடி மாதம். ஊரெல்லாம் மாரியம்மன் பண்டிகை மேளம். "பச்சை உடம்புக்காரி, காத்து பட்டிருச்சு" என்றார் உறவில் ஒரு பெரியம்மா. கோடாங்கியை அழைத்து வந்தோம். உடுக்கை அடித்தார், வேப்பிலையால் மந்திரித்தார், கயிறு கட்டினார். அவள் இன்னும் மிரண்டு போனாள். அன்றைக்கும் தூங்கவில்லை. இப்படியே எட்டு நாளைப் போக்கினோம். யாரையும் குறை சொல்வதற்கில்லை. வீட்டுக்குப் பெரியவள் நான். அந்த எட்டு நாளும் என் கணக்கில்தான் சேரும்.

பதினாலாம் நாள், சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று சொல்லி தட்டைத் தள்ளி விட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பயந்து போய், பிரசவம் பார்த்த டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "இன்னைக்கே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க" என்றார்.

சேலத்து மனநல டாக்டர் அரை மணி நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது பிரசவத்துக்கு அப்புறம் வர்ற கடுமையான மனநோய். ஆயிரம் பிரசவத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்கு வரும். நல்லாக் குணமாகிற வியாதிம்மா. ஆனா அவசரமாப் பாக்கணும். இங்கயே வைத்தியம் பண்ணலாம். தாயையும் பிள்ளையையும் பிரிக்காம ஒண்ணா வெச்சுப் பாக்கிற வார்டு பெங்களூர் நிம்ஹான்ஸ்ல இருக்கு. போக முடியும்னா போங்க." ஓர் ஊசி போட்டு, கையில் ஒரு கடிதமும் கொடுத்தார்.

"எதிர் வீட்ல கேட்டா என்ன சொல்றது?" என்றார் என் வீட்டுக்காரர். "பெங்களூர் சுத்திப் பாக்கப் போறோம்னு சொல்லுங்க" என்றேன். பதினைந்து நாள் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு யாராவது ஊர் சுற்றப் போவார்களா? அதைக்கூட யோசிக்கவில்லை. வெட்கம் வந்தால் புத்தி வேலை செய்யாது போலிருக்கிறது.

ஓசூர் ரோடு

மறுநாள் விடியற்காலையில் வாடகைக் காரில் கிளம்பினோம். தொப்பூர் கணவாய், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர். அத்திப்பள்ளி தாண்டினால் போர்டெல்லாம் கன்னடம். தங்கை பின் சீட்டில் அவள் வீட்டுக்காரர் தோளில் சாய்ந்து, ஊசியின் வேகத்தில் பாதி மயக்கத்தில் இருந்தாள். குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு நான் அவர்கள் பக்கத்தில். வழியெல்லாம் என் மனசுக்குள் ஓடியது சினிமா. 'கீழ்ப்பாக்கம்' என்று சொன்னாலே தியேட்டரில் சிரிப்பார்களே! கம்பிக் கதவு, சங்கிலி, தலைவிரி கோலம், ஊசியைத் தூக்கிக் கொண்டு ஓடி வருகிற ஆட்கள்... இதையெல்லாம் எதிர்பார்த்துக் கொண்டே போனேன்.

எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, மடிவாளா என்று நெரிசலில் நகர்ந்து வந்து வாசலில் நின்றபோது நான் பார்த்தது வேறு. உள்ளே பெரிய பெரிய மரங்கள். ஆகஸ்ட் மாதத்துச் சாரல். சால்வை போர்த்தின பாட்டிகள், தூக்குப் பாத்திரத்தோடு அம்மாக்கள், ஃபைலைக் கையில் பிடித்த அப்பாக்கள். நம் ஊர் பெரியாஸ்பத்திரியில் காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் காத்திருக்கிற கூட்டம் மாதிரியேதான் இருந்தது. கன்னடம், தெலுங்கு, இந்திக்கு நடுவே நம் தமிழும் காதில் விழுந்தது. "நீங்க எந்த ஊருங்க?" என்று ஒரு திருப்பத்தூர் அம்மா கேட்டபோது எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

இந்த இடத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. மைசூர் சமஸ்தானத்து மனநோய் ஆஸ்பத்திரி 1937ல் இங்கே வந்தது. 1954ல் அதனோடு மனநல டாக்டர்களைப் படிக்க வைக்கிற அகில இந்திய நிலையம் வந்தது. இரண்டையும் சேர்த்து 1974 டிசம்பரில் நிம்ஹான்ஸ் ஆக்கினார்கள். தாயும் சேயும் சேர்ந்து தங்குகிற வார்டு 2009ல் திறக்கப்பட்டது. நம் நாட்டில் அப்படி ஒன்று வந்தது அதுதான் முதல். டாக்டர் பிரபா சந்திரா என்ற அம்மையாரின் முயற்சி அதில் முக்கியமானது.

டாக்டர் என்னதான் செய்கிறார்?

மனநல டாக்டர் என்றால் நம் முகத்தைப் பார்த்தே மனசைப் படித்து விடுவார், இல்லாவிட்டால் ஒரேயடியாக மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்து விடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் முதலில் செய்தது இரண்டுமே இல்லை. கேள்வி கேட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டுக் கொண்டே இருந்தார்.

தமிழ் தெரிந்த ஒரு டாக்டர் பெண். என் தங்கை வயசுதான் இருக்கும். எத்தனை நாளாகத் தூக்கமில்லை? இன்றைக்கு என்ன கிழமை, எந்த ஊரில் இருக்கிறோம்? காதில் குரல் கேட்கிறதா, அது என்ன சொல்கிறது? தங்கை ஏறுமாறாகப் பதில் சொன்னபோதும், "அப்படியெல்லாம் இல்லை" என்று மறுக்கவில்லை. "ஆமாம், அப்படித்தான்" என்று ஒத்து ஊதவும் இல்லை. "அப்படித் தோணும்போது ரொம்பப் பயமா இருக்கும் இல்லையா?" என்றார். பத்து நாளாக நாங்கள் எல்லோரும் அவளோடு வாதாடிக் கொண்டிருந்தோம். அவள் பயத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தங்கை அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள்.

அடுத்த கேள்வி என்னைத் தூக்கி வாரிப் போட்டது. "உயிரை விட்டுடலாம்னு தோணுச்சா? குழந்தையை ஏதாவது செய்யணும்னு தோணுச்சா?"

இப்படியா பச்சையாகக் கேட்பது! வெளியே வந்து கோபத்தோடு சொன்னேன். டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "கேக்கிறதால அந்த எண்ணம் புதுசா வராதும்மா. ஏற்கெனவே இருந்தா, சொல்ல ஒரு ஆள் கிடைச்சதேன்னு மனசு லேசாகும். எங்களுக்கும் எவ்வளவு ஜாக்கிரதையா இருக்கணும்னு தெரியும்." தங்கையின் பதிலை நான் இங்கே எழுதப் போவதில்லை. கேட்டது நல்லதாயிற்று என்று மட்டும் சொல்கிறேன்.

பிறகு என் முறை. "உங்க குடும்பத்துல யாருக்காவது மனநோய் இருந்திருக்கா? பிரசவத்துக்கு அப்புறம் யாராவது..." 'இல்லவே இல்லை' என்று சொல்ல வாயெடுத்தேன். சட்டென்று நினைவு வந்தது. எங்கள் அம்மாவின் சித்தி. பிள்ளை பெற்ற பத்தாம் நாள் 'கிணற்றில் தவறி விழுந்து' போய்விட்டாள். சின்ன வயசிலிருந்து அந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். 'தவறி' என்ற அந்த ஒரு சொல்லை ஒருநாளும் யோசித்ததில்லை. டாக்டர் எதுவும் சொல்லவில்லை, எழுதிக் கொண்டார். அன்று ராத்திரி முழுக்க, பார்த்தே இராத அந்தப் பாட்டிக்காக நான் அழுதேன். அவளுக்கும் இதே வியாதிதானே இருந்திருக்கும்? அவளைப் பார்க்க யாரும் இல்லை.

அதற்கப்புறம் ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் கிருமி, தைராய்டு, ரத்தசோகை, மூளை ரத்தக் குழாயில் அடைப்பு என்று உடம்பில் வருகிற கோளாறுகூட சில சமயம் மனநோய் மாதிரியே தெரியுமாம். அதெல்லாம் இல்லை என்று தெரிந்து கொள்வதும் மனநல டாக்டரின் வேலை. ஏனென்றால் அவரும் எம்.பி.பி.எஸ். படித்து, அதற்கு மேலே மனநலம் படித்தவர்தான். மருந்து எழுதுவது அவர். பேச்சாலும் பயிற்சியாலும் வைத்தியம் செய்கிற மனோதத்துவ நிபுணர் வேறு. வீட்டு நிலைமை, புருஷன், மாமியார், பணக் கஷ்டம் எல்லாவற்றையும் விசாரித்து வழி சொல்கிற சமூகப் பணியாளர் வேறு. இவர்களோடு நர்ஸுகள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்கிறார்கள்.

தங்கை தன் நிலைமையைத் தானே புரிந்து சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை. அதனால் அவள் சார்பில் அவள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி, இப்படிச் சேர்ப்பது முதலில் 30 நாள் வரைக்கும்தானாம். நிபுணர்கள் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமாம். 'ஒரு தடவை உள்ளே போனால் வெளியே விட மாட்டார்கள்' என்று நாம் சொல்வதெல்லாம் பழைய கதை.

தொட்டில் போட்ட நாள்

பதினாறாம் நாள், வீட்டில் தொட்டில் போட்டுப் பேர் வைத்திருக்க வேண்டிய நாள். குழந்தை ஆஸ்பத்திரித் தொட்டிலில் கிடந்தது. அது சின்ன வார்டு. ஒவ்வொரு தாய்க்கும் பக்கத்தில் அவள் குழந்தை, கூடவே வீட்டுப் பெண் ஒருத்தி. தங்கைக்கு நான்.

முதல் சட்டம், தாயையும் குழந்தையையும் தனியே விடக்கூடாது. பால் கொடுக்கும்போது நானோ நர்ஸோ பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது சட்டம், தூக்கம். "இந்த வியாதிக்கு முதல் மருந்தே தூக்கம்தாம்மா. ராத்திரி குழந்தையை நீங்க பாத்துக்கணும், புட்டிப்பால் கொடுக்கணும்" என்றார் டாக்டர். தாய் சாப்பிடுகிற மருந்து ஓரளவு பாலிலும் கலக்கும். அது குறைவாகக் கலக்கிற மருந்தாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்; குழந்தை மந்தமாக இருக்கிறதா, சரியாகக் குடிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று தினமும் பார்க்கிறார்கள். எந்த மருந்தானாலும் தாய்ப்பாலை நிறுத்து என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதில்லை. அதே போல, பால் கொடுக்கிறேன் என்று நாமாக மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து.

"பைத்தியம் பிடிச்சவகிட்ட பிள்ளையை விடலாமா?" என்று யாரும் கேட்கலாம். நானே கேட்டேன். அந்தச் சமூகப் பணியாளர் அம்மா, நாம் கேட்டிராத ஒரு விஷயத்தைச் சொன்னார். அதே 2017 சட்டத்தில், சிகிச்சை பெறுகிற தாயிடமிருந்து மூன்று வயசுக்குக் குறைந்த குழந்தையை சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்றே எழுதியிருக்கிறதாம். குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர்கள் கருதினால்தான் கொஞ்ச நாள் பிரிக்கலாம். அதற்கு முன்னாலேயே 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் என்பவர் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளிகளோடு சொந்தக்காரர்களையும் தங்க வைத்தாராம். நம் வேலூரில் 1957ல் ஆரம்பித்த மனநல நிலையத்திலும் குடும்பத்தார் கூடவே தங்குவதுதான் வழக்கமாம். மனுஷரைக் குடும்பத்திலிருந்து பிய்த்து எடுத்து வைத்தியம் செய்வதைவிட, குடும்பத்துக்கும் சேர்த்து வைத்தியம் சொல்லிக் கொடுப்பது நல்லது என்று நம் நாட்டு டாக்டர்களே கண்ட வழி!

பக்கத்துப் படுக்கையில் மண்டியா பக்கத்துப் பெண்ணும் அவள் அம்மாவும். எனக்குக் கன்னடம் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நான் மூலையில் நின்று கண்ணைத் துடைத்தபோது அந்த அம்மா என் கையைப் பிடித்து "அளபேடி" என்றார். அழாதீர்கள் என்று அர்த்தமாம். "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டுத் தன் தட்டிலிருந்த சித்ரான்னத்தில் பாதியை எனக்கு வைத்தார்.

கரண்ட் வைத்தியம்

நான்கு நாளாகியும் தங்கை சரியாகச் சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. "இ.சி.டி. கொடுக்கலாம்" என்றார்கள். கரண்ட் வைத்தியம்! எனக்குக் கைகால் ஆடிவிட்டது. "வேண்டவே வேண்டாம், ஊருக்குப் போறோம்" என்று மாப்பிள்ளையிடம் சொல்லி விட்டேன்.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து விளக்கினார். இந்த வைத்தியம் 1938ல் இத்தாலியில் தொடங்கியது. அந்தக் காலத்தில் மயக்க மருந்து இல்லாமல் கொடுத்ததைத்தான் சினிமாவில் காட்டுகிறார்கள். இப்போது நம் சட்டமே அதைத் தடை செய்திருக்கிறது. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகுதான் செய்ய வேண்டும். சில விநாடிகள்தான் கரண்ட். தூக்கிப் போடாது, வலிக்காது. மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். சாப்பிடாமல் உயிருக்கு ஆபத்து வரும் நிலையில் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. தாய்ப்பாலுக்கும் இதனால் கெடுதல் இல்லை. "ஞாபக மறதி வருமா?" என்று கேட்டேன். "வரும். இந்த நாட்கள்ல நடந்தது கொஞ்சம் மறந்து போகலாம். பெரும்பாலும் போகப் போகச் சரியாகிடும்" என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த ஒளிக்காத பதில்தான் என் மனசை மாற்றியது.

ஒன்றுவிட்டு ஒரு நாள், மொத்தம் ஆறு தடவை. காலையில் வெறும் வயிற்றோடு அழைத்துப் போவார்கள். நான் குழந்தையோடு வெளியே உட்கார்ந்து மாரியம்மனை வேண்டிக் கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் தூங்கி எழுந்தவள் போல் திரும்பி வருவாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு இட்லி கேட்டாள். இரண்டு இட்லி! என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் இட்லி ஊட்டியதில்லை.

ஆகஸ்ட் 15. எங்கோ ஒலிபெருக்கியில் பாட்டு கேட்டது. ஊர் ஜனமே லால்பாகுக்குப் பூப் பார்க்கப் போய்க் கொண்டிருக்கும். நான் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் கொண்டிருந்தேன். தங்கை கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"அக்கா, காது மடல்ல பாரு. அவங்கப்பா மாதிரியே மச்சம்."

நான் ஒன்றும் பேசவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் தேய்த்தாள்.

சம்பந்தியம்மா வந்தார்

ஒரு கண்டம் தாண்டினோம், இன்னொன்று இருந்தது. சம்பந்தியம்மா திருப்பூரிலிருந்து வந்தார். "குழந்தையை நாங்க எடுத்துக்கறோம். இவ நல்லாகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பது அவர் எண்ணம். 'அப்புறம்' என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா?

டாக்டர் அவரைத் தனியே அழைக்கவில்லை. தங்கையையும் வைத்துக் கொண்டே பேசினார். பிரசவம் ஆனதும் உடம்பில் சுரப்புகள் ஒரேயடியாக இறங்குவதும், தூக்கம் கெடுவதும், பரம்பரைத் தன்மையும் சேர்ந்து சிலருக்கு இது வருகிறது. வளர்ப்புக் குற்றமில்லை, குணக் குற்றமில்லை, ஜாதகக் குற்றமில்லை. பெரும்பாலானவர்கள் முழுக்கக் குணமாகிறார்கள் என்றார். நல்லதை மட்டும் சொல்லி அனுப்பவில்லை. மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் திரும்ப வரலாம். அடுத்த பிரசவத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மறுபடி வரும் வாய்ப்பு உண்டு. அதனால் அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னார்.

சம்பந்தியம்மா வெகு நேரம் தரையைப் பார்த்துக் கொண்டிருந்தார். "ராத்திரி யாரு பாத்துக்கறது குழந்தையை?" என்றார் கடைசியில்.

"யாராவது ஒருத்தர் பாக்கணும். இவங்க ராத்திரி தூங்கித்தான் ஆகணும்" என்றார் டாக்டர்.

"எனக்கு எப்படியும் ராத்திரியில தூக்கம் வராது. நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு. மன்னிப்பு, சமாதானம் என்றெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் சொன்னபடியே ஆறு மாதம் ராத்திரிப் பால் கொடுத்தார். அதற்காக அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

வீடு திரும்பிய பின்

வைத்தியம் ஆஸ்பத்திரியோடு முடிந்துவிடவில்லை. முதல் மாதம் தங்கை மிகவும் சோர்ந்து போனாள். என்ன நடந்தது என்று தெரிய வந்தபோது, "நான் இப்படியெல்லாமா செஞ்சேன்?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அதற்கும் தயாராக இருக்கச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மாத்திரை ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலாகச் சாப்பிட்டாள். டாக்டர் சொல்லச் சொல்லப் படிப்படியாகக் குறைத்தோம். முதலில் பெங்களூர் போய்ப் பார்த்து வந்தோம், பிறகு திருப்பூரிலேயே. கொஞ்சம் எடை கூடினாள், கை லேசாக நடுங்கியது. ஒவ்வொரு தடவையும் அதைச் சொன்னோம்; மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். சொல்லாமல் நிறுத்திவிடுவதுதான் நம்மவர்கள் செய்கிற தப்பு.

எல்லோரும் பெங்களூர் ஓட வேண்டும் என்று நான் எழுதவில்லை. பிள்ளை பெற்ற முதல் சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பாதிப் பேருக்கு மேல் உண்டு. இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகும். இரண்டு வாரம் தாண்டியும் சோர்வு, எதிலும் பிடிப்பில்லாமை, 'நான் நல்ல தாயில்லை' என்ற எண்ணம் இருந்தால் அது மனச்சோர்வு நோய். பத்தில் ஒரு தாய்க்காவது அது வருகிறது. உள்ளூர் மனநல டாக்டரே குணப்படுத்துவார். ஆனால் குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கமே இல்லை, இல்லாதது கேட்கிறது, எல்லோர் மேலும் சந்தேகம், பேச்சு தடம் மாறுகிறது என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022ல் மத்திய அரசு தொடங்கிய சேவை அது; எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

போன வருஷம் ஒருநாள் சாயங்காலம் எதிர் வீட்டில் சத்தம். அந்தம்மாவின் மகளுக்குப் பிரசவமாகி ஒரு மாதம். "எந்நேரமும் அழறா, பிள்ளையைத் தொட மாட்டேங்கிறா. கோடாங்கியை வரச் சொல்லியிருக்கேன்" என்றார் வாசலில் நின்று.

நான் தெருவைத் தாண்டிப் போனேன். அந்தம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்துச் சொன்னேன்:

"நான் லால்பாக் பாக்கலைங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் முதலிலிருந்து சொன்னேன். கிணற்றுப் பாட்டி கதை வரைக்கும் சொன்னேன். இருட்டி விட்டது. கோடாங்கி வந்தார், காப்பி கொடுத்து அனுப்பினார். மறுநாள் காலையில் நாங்கள் மூன்று பேருமாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தப் பெண்ணுக்கு இருந்தது மனச்சோர்வு. மாத்திரையும் வாரம் ஒருமுறை பேச்சு வைத்தியமுமாக மூன்று மாதத்தில் தெளிந்துவிட்டாள்.

தங்கை மகள் இப்போது ஓடி விளையாடுகிறாள். கடைசியாக பெங்களூர் டாக்டரைப் பார்க்கப் போனபோது, திரும்பி வரும் வழியில் லால்பாகுக்கும் போனோம். ஹைதர் அலி காலத்தில் தொடங்கிய தோட்டம். கண்ணாடி மாளிகையைப் பார்த்தோம். நடுவில் ஒரு பெரிய பாறை. முந்நூறு கோடி வருஷத்துப் பாறையாம். தங்கை மகளை இடுப்பில் வைத்துக் கொண்டு அதன் மேல் ஏறி உச்சியில் போய் நின்று, "அக்கா, வா! ஊரே தெரியுது!" என்று கூப்பிட்டாள். எனக்கு முழங்கால் வலி. நான் கீழேயே உட்கார்ந்து கொண்டேன்.

அது பூக்கண்காட்சிச் சமயமில்லை. ஆனால் இனி யாராவது கேட்டால், "பார்த்தோம்" என்று சொல்லலாம். அதில் பொய் இல்லை.